சீரியஸ் என்று போன் வந்தால்: வன்னியிலிருந்து குறைந்த செலவில் கோச்சியில் (புகையிரதத்தில்) ஆஸ்பத்திரிக்குப் போவது

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சொந்தக்காரர் ஒருவர் சீரியஸ் என்று போன் வந்தால், வன்னியில் பலர் முதலில் செய்வது வான் ஒன்றை வாடகைக்குப் பேசுவதுதான். இதற்குக் காரணம் உண்டு. 1990 இல் நின்றுபோன கோச்சி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்ரெம்பரில். யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது 2014 ஒக்ரோபரில். ஒரு தலைமுறைக்குக் கோச்சிப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது. முல்லைத்தீவுப் பக்கத்தில் இன்றும் தண்டவாளம் கிடையாது. ஆனால் கொழும்புக்கு வான் பிடித்துப் போய் வருவதென்றால் பல பத்தாயிரம் ரூபா போகும். அடுத்த நாளே வாட்டில் வெளியே ஸ்கான் எடுத்து வாருங்கள், இந்த மருந்தை வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தரும்போது அந்தக் காசு கையில் இருக்க வேண்டும்.

ஆறேழு பேர் கட்டாயம் போகவேண்டும், இரவு வண்டியும் போய்விட்டது, விடியும்வரை பொறுக்க முடியாது என்றால் வான் பிடிப்பது சரி. ஒருவரோ இருவரோ போவதற்கு மூன்றாம் வகுப்புக் கோச்சியை விட மலிவான வழி இல்லை. பஸ்ஸை விடவும் குறைவு. கோச்சிக்கு ஆகும் செலவு சின்னது. வீட்டிலிருந்து நிலையத்துக்கும், இறங்கிய நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பிடிக்கும் ஓட்டோதான் காசைத் தின்கிறது. ஆகவே எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்ற மூன்றையும் வீட்டில் இருந்தே தீர்மானித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

புறப்பட முன் கேட்க வேண்டியவை

நோயாளியோடு நிற்பவரிடம் நான்கு விடயங்களைக் கேட்டுத் தாளில் எழுதுங்கள்: ஆஸ்பத்திரியின் முழுப் பெயர், வாட்டு இலக்கம், பி.எச்.ரி. (BHT, நோயாளியின் கட்டில் தலைச்சீட்டு) இலக்கம், நோயாளரைப் பார்க்க விடும் நேரம். "கொழும்புப் பெரியாஸ்பத்திரி" என்பது போதாது. தேசிய வைத்தியசாலை, சிறுவர்களுக்கான லேடி ரிஜ்வே, மகரகம புற்றுநோய் வைத்தியசாலை, ராகமை வைத்தியசாலை எல்லாவற்றையும் ஊரில் அப்படியே சொல்வார்கள். இறங்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

அதைவிட முக்கியம், நோயாளியை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்களா என்பது. முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிகளில் கடுமையாக இருப்பவரை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ மாற்றுவது வழமை. வடக்கே போகிற வண்டியில் நீங்கள் இருக்க, நோயாளி அம்புலன்ஸில் தெற்கே போய்க்கொண்டிருக்கலாம். ரிக்கற் வாங்க முன் ஒருமுறை, நடுவழியில் ஒருமுறை போன் எடுத்து உறுதிப்படுத்துங்கள்.

யார் போவது என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் துணைக்கு நிற்கப் பெண்ணையும் ஆண்கள் வாட்டில் ஆணையும்தான் விடுவார்கள். அம்மா ஏலாமல் கிடக்கிறார் என்று மகன்மார் மூன்று பேர் போய், இரவில் உள்ளே நிற்க ஒருவருமில்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. உள்ளே நிற்க ஒருவர், மருந்துக்கும் பரிசோதனைக்கும் வெளியே ஓட ஒருவர் என்று முதலில் இரண்டு பேர் போனால் போதும். மற்றவர்கள் நிலைமையைப் பார்த்துப் பின்னால் வரலாம்.

எந்த நிலையத்தில் ஏறுவது

மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்தவர்களுக்கு மாங்குளம் கிட்ட. முல்லைத்தீவு நகரத்திலிருந்தும் மாங்குளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் ஆட்கள் பரந்தன் வீதியால் கிளிநொச்சிக்கு வருவது சுகம். நெடுங்கேணிக்காரருக்குப் புளியங்குளம் இருக்கிறது. செட்டிக்குளம், மடு, முருங்கன், மன்னார் எல்லாம் தலைமன்னார்ப் பாதையில் இருப்பவை. அந்தப் பாதை மதவாச்சியில் பிரதான பாதையோடு சேர்கிறது.

கிட்ட இருக்கும் நிலையம்தான் நல்ல நிலையம் என்று நினைக்க வேண்டாம். நகர்சேர் கடுகதிகள் சின்ன நிலையங்களில் நிற்பதில்லை. மாங்குளத்திலும் புளியங்குளத்திலும் எது நிற்கும், எது நிற்காமல் போகும் என்பதை முன்பே கேட்டறிய வேண்டும். மேடையில் நிற்க, வண்டி கண்முன்னே நிற்காமல் போனால் அடுத்ததற்குப் பல மணித்தியாலம் காத்திருக்க நேரும். அவசரத்தில் சந்தேகம் இருந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய்விடுங்கள். கோச்சி தவறினாலும் இந்த இரண்டு ஊரிலும் ஏ9 வீதியில் கொழும்பு பஸ் இருக்கிறது. மாங்குளத்தில் நின்று கை காட்டினால், யாழ்ப்பாணத்திலேயே நிரம்பி வரும் இரவு பஸ் நிற்பது நிச்சயமில்லை.

நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். பழைய படத்தை வட்ஸ்அப்பில் யாரும் அனுப்பினால் அதை நம்பிப் புறப்பட வேண்டாம். பாதை முழுவதுமே மூடப்பட்ட காலமும் உண்டு. 2023 தொடக்கத்தில் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் திருத்த வேலைக்காகப் பல மாதம் வண்டி ஓடவில்லை. மழை வெள்ளக் காலத்திலும் இப்படி நிற்கும். 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். "இன்று இந்த வண்டி ஓடுகிறதா, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, எங்கள் நிலையத்தில் நிற்குமா" என்று மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். "கொழும்புக்கு எத்தனை மணிக்குக் கோச்சி" என்று மட்டும் கேட்டால் உங்கள் நிலையத்தில் நிற்காத வண்டியின் நேரத்தைச் சொல்லிவிடக்கூடும்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் பொழுதுபட்டால் பஸ் குறைந்துவிடும். இரவு தபால் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று வீட்டில் இருந்துவிட்டால், மாங்குளம் வரை ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு கொழும்பு ரிக்கற்றை விடப் பல மடங்காகும். வெளிச்சம் இருக்கும்போதே பஸ்ஸில் வந்து நிலையத்தில் காத்திருங்கள்.

ரிக்கற்

ஆசனப் பதிவு பல நாள் முன்பே திறந்துவிடுவதால், கடைசி நேரத்தில் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் பயணமே முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆசனம் பதியாத இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கான ரிக்கற் புறப்படும் நாளில் நிலையத்தில் கொடுப்பார்கள், அது முடிந்துபோகாது. இருக்க இடம் கிடைக்குமா என்பது மட்டுமே கேள்வி. சில நகர்சேர் கடுகதிகள் முழுவதும் பதிவு ஆசனங்கள். அவற்றில் சாதாரண ரிக்கற்றோடு ஏறினால் வண்டிக்குள் தண்டப்பணம் கட்ட நேரும். ரிக்கற் வாங்கும்போதே "இது இப்போது வருகிற வண்டிக்குச் செல்லுமா" என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் வகுப்பு ரிக்கற்றோடு இரண்டாம் வகுப்பில் இருந்தாலும் தண்டம்தான். பெட்டிக்கு வெளியே எழுதியிருக்கும் வகுப்பு இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ரிக்கற் வேண்டாம். பன்னிரண்டு வயது வரை அரை ரிக்கற். கொழும்பு வரை ரிக்கற்றைத் தொலைக்காமல் வைத்திருங்கள். வெளியே போகும் வாசலில் கேட்பார்கள்.

பதிவு ஆசனம் வேண்டுமென்றால், வயதானவரோ சுகமில்லாதவரோ கூட வந்தால் அது தேவைதான், புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். இல்லை என்று காட்டினாலும் சில மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். யாரேனும் ரத்துச் செய்தால் ஆசனம் திரும்ப வரும். வங்கி அட்டை இல்லாதவருக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளை பதிந்து கொடுக்கலாம். அப்போது போட வேண்டியது பயணம் போகிறவரின் அடையாள அட்டை இலக்கம். பதிகிறவர் தன்னுடையதைப் போட்டுவிட்டால் வண்டியில் சோதிக்கும்போது சிக்கல் வரும். நிலையத்து வாசலில் கூடுதல் விலைக்கு ரிக்கற் விற்பவரிடம் வாங்கவே வேண்டாம். அதில் இருப்பது வேறொருவரின் இலக்கம்.

திரும்பி வருவதற்கு ஆசனம் பதிய வேண்டாம். எப்போது திரும்புவீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

அரச ஊழியர் வீட்டில் இருந்தால் விடுமுறைக்கான புகையிரத ஆணைச்சீட்டு, அதுதான் வொறன்ற், மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியம் எடுப்பவரும் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். இதில் உள்ள தடை நேரம்தான். அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி, அதை நிலையத்தில் கொடுத்து ரிக்கற்றாக மாற்ற வேண்டும். வெள்ளி பின்னேரம் போன் வந்தால் திங்கள் வரை வொறன்ற்றுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. காசு கொடுத்து மூன்றாம் வகுப்பில் போங்கள். வொறன்ற்றை அடுத்த கிளினிக்குக்கு வைத்திருங்கள்.

இடம் பிடிப்பது

காங்கேசன்துறையிலிருந்து வரும் வண்டி யாழ்ப்பாணத்திலேயே நிரம்பிவிடும். கிளிநொச்சியில் ஏறுபவர் முதல் கொஞ்சத் தூரம் நின்று போக வேண்டி வரலாம். மனம் விடாதீர்கள். வவுனியாவில் ஒரு கூட்டம் இறங்கும், அனுராதபுரத்தில் இன்னொரு கூட்டம் இறங்கும். ஏறியவுடன் பக்கத்தில் இருப்பவரிடம் "எங்கே இறங்குவீர்கள்" என்று கேட்டு, கிட்ட இறங்குகிறவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொன்னால் வயதானவருக்கு இடம் விடாதவர்கள் மிகக் குறைவு. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பதியாத பெட்டிகள் வண்டியின் எந்தப் பக்கம் வரும் என்று நிலைய ஊழியரிடம் கேட்டு அந்த முனையில் போய் நில்லுங்கள். சின்ன நிலையத்தில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். நடுமேடையில் நின்று, பையோடு கடைசிப் பெட்டிக்கு ஓடுவது வயதானவரால் முடியாது.

வெள்ளி, ஞாயிறு பின்னேரங்கள், பௌர்ணமியோடு சேர்ந்த நீண்ட விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா நாட்களில் நிற்கவே இடம் இராது. அந்த நாட்களில் மன்னார்ப் பக்கத்தவர்கள் பஸ்ஸையும் பார்த்து வைப்பது நல்லது.

பாதையைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து பொல்கஹவெல வரைதான் இரட்டைத் தண்டவாளம். அதற்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட நிலையங்களில் நிற்க வேண்டும். ஒரு வண்டி பிந்தினால் மற்றவையும் பிந்தும். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஐந்தாறு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டாலும், பார்வை நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருகிற வண்டியை நம்பாதீர்கள். இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி இருக்கட்டும். பகல் பன்னிரண்டு மணிப் பார்வைக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் இரவு வண்டிதான் உறுதி. காலை வண்டி எடுத்தால் பின்னேரப் பார்வையைக் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர், சாப்பாடு வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். காசை இரண்டாகப் பிரித்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கானதை உடம்போடு வைத்திருங்கள். இரவு வண்டியில் தலைக்கு மேல் தட்டில் வைக்கும் பையில் அடையாள அட்டையோ நோயாளியின் பழைய கிளினிக் கொப்பியோ இருக்கக் கூடாது. அந்தக் கொப்பியும் வழமையாகக் குடிக்கும் குளிசைகளின் மட்டைகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவருக்கு என்ன வருத்தம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் அறிய அதுதான் வழி.

எங்கே இறங்குவது

தேசிய வைத்தியசாலைக்கும் லேடி ரிஜ்வேக்கும் போகிறவர்கள் கொழும்புக் கோட்டை நிலையம் வரை போகத் தேவையில்லை. அதற்கு முந்திய மருதானையில் இறங்கினால் தேசிய வைத்தியசாலைக்கு டீன்ஸ் வீதியால் ஏறக்குறைய இருபது நிமிட நடை. பை பாரமாக இருந்து ஓட்டோ பிடித்தாலும் குறைந்த தூரம். மீற்றர் போட்ட ஓட்டோவாகப் பார்த்து ஏறுங்கள்.

மகரகமவுக்குக் கோட்டையில் இறங்கி 138 ஆம் இலக்க பஸ்ஸில் போகலாம். கோட்டையிலிருந்து மகரகமவுக்கு ஓட்டோ பிடிப்பதுதான் வன்னியிலிருந்து போகிறவர்கள் அதிகம் காசு விடும் இடம். ராகமை ஆஸ்பத்திரிக்கு, உங்கள் வண்டி ராகமையில் நிற்குமென்றால் அங்கேயே இறங்குங்கள். நிற்காவிட்டால் மருதானை வரை போய், ராகமைப் பக்கம் போகும் அலுவலக வண்டியில் திரும்பி வரலாம்.

கண்டிக்குக் கோச்சியில் போவதென்றால் பொல்கஹவெலவில் மாற வேண்டும்; சுற்று. வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போகும் பஸ்ஸே நேர்வழி. மட்டக்களப்புக்கும் அப்படித்தான். கோச்சி மாகோ வரை தெற்கே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், திருகோணமலை வழி பஸ்ஸைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் மிகச் சுலபம். போதனா வைத்தியசாலை நிலையத்திலிருந்து நடக்கக்கூடிய தூரம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மட்டும் போவதென்றால் கோச்சிக்காகக் காத்திருக்காமல் வருகிற பஸ்ஸில் ஏறுங்கள். அந்தத் தூரத்துக்கு மிச்சம் பிடிக்கும் காசு சிறிது, இழக்கும் நேரம் பெரிது.

இரவு வண்டி விடியப் புறத்தில் கொழும்புக்குப் போய்ச் சேரும். பெண்கள் தனியே போனால் வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே இருங்கள். அந்த நேரத்தில் வாட்டுக்கும் விடமாட்டார்கள். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.

வாசலில்

பார்வை நேரத்துக்கு வெளியே போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். வாசலில் காவலாளியிடம் சண்டை பிடிப்பதால் ஒன்றும் நடக்காது. ஏற்கனவே உள்ளே நிற்பவருக்குப் போன் எடுத்து, வாட்டுப் பொறுப்பு மிஸியிடம் (தாதியிடம்) தூர இடத்திலிருந்து வந்தவர் என்று சொல்லி, பாஸ் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். நோயாளி கடுமையாக இருந்தால் பெரும்பாலும் தருவார்கள். சிங்களம் தெரியாதவர் இரண்டு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்: "லெடா பலன்ன ஆவே", நோயாளியைப் பார்க்க வந்தேன், "துர இந்தன் ஆவே", தூரத்திலிருந்து வந்தேன். இதைச் சொல்லி, வாட்டு இலக்கம் எழுதிய தாளைக் காட்டினால் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவரையே விடுவார்கள், அதுவும் சில நிமிடம்தான். முதலில் யார் உள்ளே போவது என்று வாசலுக்கு வர முன்னரே பேசி முடியுங்கள்.

இரவு தங்க லொட்ஜ் தேட முன் வாட்டில் உள்ள சமூகசேவை அலுவலரைக் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் நோயாளரின் ஆட்களுக்கென இலவசமாகவோ குறைந்த காசுக்கோ இடம் கொடுப்பவர்கள் இருந்தால் அவருக்குத் தெரியும்.

திரும்பும்போது

கொழும்பிலிருந்து ஏறும்போது உங்கள் வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்று கேளுங்கள். சில வண்டிகள் கல்கிசையிலிருந்தே வருகின்றன. ஆசனம் பதியாதவர் கோட்டையில் முண்டியடிப்பதை விட, கரையோர வண்டியில் கல்கிசைக்குப் போய் அங்கே ஏறினால் வவுனியா வரை இருந்து வரலாம். இதற்கு முக்கால் மணித்தியாலம் முன்கூட்டியே புறப்பட வேண்டும்.

இறங்கும் நேரத்தையும் பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு வண்டி வன்னிக்குள் நுழைவது நடுச்சாமம் கழிந்துதான். அந்த நேரம் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ் இல்லை. தெரிந்த ஓட்டோக்காரருக்கு முன்பே சொல்லி, வாடகையையும் பேசி வையுங்கள். அப்படி ஆள் இல்லாவிட்டால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கி, விடியும்வரை நிலையத்தில் இருந்து, முதல் பஸ்ஸில் ஊருக்குப் போங்கள். வண்டிக்குள் நித்திரை கொள்வதானால் போனில் அலாரம் வையுங்கள். இரவில் சின்ன நிலையங்களின் பெயர்ப்பலகை கண்ணில் படாது; பரந்தனில் கண் விழித்தால் மாங்குளத்துக்குத் திரும்பி வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.